தொடும் அதிகாரம்

மறுபயன்பாட்டு வாரியத்தின் வாசலில் ஒரு வளைவு இருந்தது. பழைய தண்ணீர் பாட்டில்களால் கட்டப்பட்டது என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. நகரத்தில் கிடைத்த பழைய பாட்டில்கள் நசுங்கியும் அழுக்காகவும் இருந்தபடியால், வாரியம் புதிய பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வளைவைக் கட்டி முடித்தது. தண்ணீர் கொட்டுவதற்கென்றே இரண்டு பேரைத் தற்காலிகமாக நியமித்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த மறுபயன்பாட்டுக்கான விருது வளைவுக்குக் கிடைத்தது. விருதைக் கொடுத்ததும் வாரியம்தான் என்பதால் விழாவை உள்ளேயே சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள்.

வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வெல்டர் குடியிருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி இவைதான் அவருக்குச் சோறு போட்டன. அவருடைய மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனதும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையும் காலும்தான் பாதி போயிருந்தன. வாய் முழுசாக மிச்சமிருந்தது.

மாமனாருக்காக வெல்டர் ஒரு சக்கர நாற்காலி செய்தார். மூடிப்போன சலூன் ஒன்றின் நாற்காலியிலிருந்து இருக்கை. யாரோ தூக்கிப்போட்ட சைக்கிளிலிருந்து பெரிய சக்கரங்கள். குழந்தை வண்டி ஒன்றிலிருந்து முன்னால் இரண்டு குட்டிச் சக்கரங்கள். வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் தரையை உந்தினால் நேராகப் போகும்படி உயரத்தை நாலைந்து முறை வெட்டி ஒட்டிச் சரிபார்த்தார்.

"பிரேக் எங்க மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"வீட்டுக்குள்ள ஓட்டுறதுக்குப் பிரேக் எதுக்கு மாமா?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். பிரேக் இல்லாத வண்டியை எடுக்க மாட்டேன்."

பிரேக் வைக்கப்பட்டது. அதன் பிறகு மாமனார் வண்டியை எடுத்தார். கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, குளியலறைக்குள் தானாகவே போய், தானாகவே கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபோது மகள் அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டு அழுதாள். அவர் மகள் கையைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போனது, நோய் வந்த பிறகு அதுதான் முதல் முறை.

இந்த நிலையில்தான் வட்டார அலுவலர் வந்தார்.

வாரியம் கண்காட்சி அறிவித்திருந்தது. ஒவ்வொரு வட்டார அலுவலரும் தன் பகுதியிலிருந்து மக்களின் மறுபயன்பாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இவர் பகுதி மக்கள் எதையும் கொண்டுவரவில்லை. கையில் எழுதுபலகையோடு தெருத் தெருவாக அவர் அலைந்துகொண்டிருந்த மத்தியானத்தில், வெல்டர் வாசலில் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அச்சுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி சலவைக்கடையில் துணி தேய்க்கப் போயிருந்தாள்.

"எதுல செஞ்சது இது?" என்றார் அலுவலர்.

அதுவரை யாரும் வந்து கேட்டிராத கேள்வி அது. வெல்டர் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்.

"அப்போ இது குப்பை."

"இல்லைங்க, நாற்காலி."

"இப்போ நாற்காலி. முன்னாடி குப்பை. எங்களுக்கு அந்த முன்னாடிதான் முக்கியம்." அலுவலரின் குரல் தழுதழுத்தது. "மூணே மூணு நாள் குடுங்க. கண்காட்சி முடிஞ்ச கையோட வாசல்ல கொண்டாந்து இறக்கிடறோம். பேப்பர்ல போட்டோ வரும்."

போட்டோ என்ற சொல்லில் வெல்டர் விழுந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் செய்த எந்தக் கேட்டையும் யாரும் படம் பிடித்ததில்லை.

மாமனார் விழித்ததும், "என் வண்டி எங்க?" என்றார்.

"கண்காட்சிக்குப் போயிருக்கு மாமா."

"டிரைவர் இல்லாமலா?"

மூன்று நாள் போயிற்று. மூன்று வாரமும் போயிற்று. வெல்டர் வாரியத்துக்குப் போனார்.

கண்காட்சிக் கூடத்தில் பெயிண்ட் அடித்த டயர்கள் வரிசையாக இருந்தன. பழைய டயரில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் அவையும் புதியவை. ஒவ்வொரு பொருளின் முன்னும் ஓர் அட்டை, அந்தப் பொருளே பேசுவது போல. "நான் முன்பு டயர். இப்போது பூந்தொட்டி." "நான் முன்பு வாளி. இப்போது விளக்கு." ஒரு விளக்கும் எரியவில்லை. நடுவில், சிவப்பு விரிப்பு போட்ட மேடையில், கயிறு கட்டிய வேலிக்குள் மாமனாரின் நாற்காலி இருந்தது. "நான் முன்பு குப்பை. இப்போது நாற்காலி." பார்வையாளர்கள் அதை உருட்டிப் பார்த்தார்கள் என்பதால் நான்கு சக்கரங்களையும் சிமெண்டில் பதித்திருந்தார்கள்.

வெல்டர் அங்கே நின்ற வட்டார அலுவலரைப் பிடித்துக்கொண்டார். "சார், மூணு நாள்னு சொன்னீங்களே."

"கண்காட்சி நடக்கிற வரைக்கும்னு அர்த்தம்," என்றார் வட்டார அலுவலர். "தலைமையகத்திலிருந்து ஒரு அம்மா திறந்துவைக்க வரணும். அவங்க வர்ற வரைக்கும் கண்காட்சி தொடங்கினதா ஆகாது. தொடங்காததை எப்படி முடிக்கிறது?"

"நான் எடுத்துட்டுப் போயிடறேன். வீட்ல பெரியவர் கஷ்டப்படறாரு."

"குப்பைன்னு பதிவான பொருளை நாங்க ஒரு வீட்டுக்குக் குடுத்தா, அதுக்குச் சட்டத்துல என்ன பேரு தெரியுமா? குடியிருப்புப் பகுதியில குப்பை கொட்டறது. வாரியமே வாரியத்துக்கு அபராதம் போட வேண்டி வரும்."

"அது குப்பை இல்லைங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. குப்பை இல்லைன்னா அது கண்காட்சிக்கு வந்ததே மோசடி. உங்க மேலதான் நடவடிக்கை வரும்."

வெல்டர் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, பிரேக்கையாவது ஒரு தடவை தொட்டுப் பார்க்கப் போனார். காவலாளி பாய்ந்து வந்தார்.

"அட்டை வெச்ச பொருளைத் தொடக் கூடாது!" என்றார் அலுவலர் பதறிப்போய். "நானே தொட முடியாது. துடைக்கிற அம்மாகூட இறகை வெச்சுத் தூரத்திலிருந்துதான் துடைக்கணும். தொடும் அதிகாரம் தலைவர் ஒருத்தருக்குத்தான்."

தலைவரைப் பார்க்க வெல்டர் நான்கு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை பார்க்க முடிந்தது. தலைவர் சிறிய உருவம், பெரிய மேசை. தனியாக ஒருவரிடம் பேசும்போதும் மைக் முன்னால் நிற்பது போலவே பேசுவார்.

"உலகத்தில் குப்பை என்று ஒன்று கிடையாது," என்றார் தலைவர். "நாம் இன்னும் கூட்டம் போட்டு முடிவெடுக்காத பொருள்கள்தான் இருக்கின்றன. உங்கள் நாற்காலிக்காக நாங்கள் ஏழு கூட்டம் போட்டிருக்கிறோம். ஒரு கிழவர் உட்காருவதற்கு இத்தனை அறிவு செலவாகியிருக்குமா? உங்கள் வீட்டில் அதை ஒருவர் பயன்படுத்தினார். இங்கே யாருமே பயன்படுத்தவில்லை. ஆனால் எல்லாரும் பயன் பெறுகிறார்கள்."

"ஐயா, அவரால தனியா பாத்ரூம் போக முடியல."

"வருத்தப்படாதீர்கள். உங்களிடம் திறமை இருக்கிறது. குப்பையும் இருக்கிறது. இன்னொன்று செய்துகொள்ளுங்கள்."

வெல்டர் இன்னொன்று செய்தார். கேட் வேலை இரண்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுத் தேடி, அதே உயரம், அதே பிரேக் என்று செய்தார். பெயிண்ட் காய்வதற்குள் வாரியத்தின் வேன் வாசலில் வந்து நின்றது.

"காட்சியில் இருக்கிற பொருளைப் பார்த்து இன்னொண்ணு செஞ்சிருக்கீங்க," என்றார் வட்டார அலுவலர். "இது நகல்."

"என்னோடதைப் பார்த்து நானே செஞ்சேன் சார்!"

"யார் செஞ்சாலும் நகல் நகல்தான். வடிவம் இப்போ வாரியத்தோடது."

"சரி, இதையும் கண்காட்சியில வைக்கப்போறீங்களா?"

"நகலுக்கு அட்டை கிடையாது. நேரா குப்பைமேட்டுக்கு அனுப்பிடுவோம்."

"மேட்டுக்குப் போனா அது குப்பையாயிடும் இல்லையா? நான் அங்க வந்து எடுத்துக்கறேன்."

"மேட்டுலேர்ந்து எடுத்தா அது திருட்டு," என்றார் அலுவலர், வண்டியில் ஏறிக்கொண்டே. அவர் கெட்ட மனிதர் இல்லை. பெயிண்ட் இன்னும் ஈரமாக இருக்கிறது, கையில் ஒட்டப்போகிறது என்று வேன்காரரை எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. வெல்டர் வேலைக்குப் போகும் நேரங்களில் மகள்தான் அப்பாவைத் தூக்க வேண்டும். ஆள் ஒல்லி, அப்பா கனம். பகலெல்லாம் சலவைக்கடையில் நின்று தேய்த்துவிட்டு, இடையில் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து, சுத்தம் செய்து, மறுபடி ஓடுவாள். ஒரு நாள் தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அதன்பின் அவளால் நேராக நிமிர முடியவில்லை.

"ஏங்க, முதலாளி வேற ஆள் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாருங்க," என்று அவள் கணவனிடம் மெல்லச் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருந்தார். மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். குடித்தால்தானே போக வேண்டும். டம்ளர் நிரம்பியபடியே இருப்பதையும், அப்பாவின் உதடு வெடித்திருப்பதையும் மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, என்னப்பா இது? குடிங்க."

"தாகம் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க."

"பஸ் ஓட்டும்போதே எனக்குப் பழக்கம்தான். டிப்போ வர்ற வரைக்கும் அடக்கிக்குவோம்," என்றார் மாமனார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த வாரமே தலைமையகத்து அம்மாள் வருகிறார் என்ற செய்தி வந்தது. தெருவெல்லாம் பேனர் கட்டினார்கள். பேனர்கள் பழைய துணியில் செய்யப்பட்டவை என்று புதிய துணியில் எழுதியிருந்தது. மாமனார் படுக்கையில் இருந்தபடியே வெல்டரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த வண்டியைத் தொட யாருக்கு அதிகாரம்னு சொன்னீங்க?"

"தலைவருக்கு மட்டும்தான் மாமா."

"வேற யாரும் தொடக் கூடாது?"

"கூடாது."

"வண்டி மேல ஏதாவது இருந்தா?"

"மேலன்னா?"

மாமனார் மகளைப் பார்த்து, "அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வைம்மா," என்றார்.

விழா நாளன்று காலையில் அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வெகுநாள் கழித்து அப்பா சிரிப்பதைப் பார்த்து அதையும் கொடுத்தாள். வெல்டர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வளைவைத் தாண்டினார். காவலாளி கூட்டத்தைச் சமாளிக்கும் அவசரத்தில் நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன பொருள்?" என்றார்.

"பழைய பொருள்தான்," என்றார் மாமனார், முதுகின் மேலிருந்து.

"பழசா? பின்பக்கமா கொண்டு போங்க."

பின்பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாரும் வரவேற்புக்கு முன்வாசலில் நின்றார்கள். வெல்டர் கயிற்றைத் தாண்டி, மாமனாரை அவருடைய நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையை இழுத்துவிட்டு, வெளியே வந்து ஒரு பார்வையாளரைப் போல நின்றுகொண்டார். மாமனார் பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். பிடித்தது.

முதலில் பார்த்தவர் வட்டார அலுவலர். "யோவ், இறங்குய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர் கயிற்றின் முன்னால் சடாரென்று நின்றார்.

"இறங்க முடிஞ்சா நான் ஏன் தம்பி நாற்காலி கேக்கறேன்?" என்றார் மாமனார்.

அலுவலர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி தன் கைகளைப் பார்த்தார். "தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?"

"நாற்காலியைத்தான் தொடக் கூடாது. ஆளைத் தொடலாம்."

"ஆள் நாற்காலியிலதானே சார் இருக்காரு?"

அதற்குள் அட்டை எழுதும் பெண் வந்துவிட்டாள். மேடையில் எது இருந்தாலும் அதற்கு அட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். விருந்தினரின் கார் வாசலில் நின்ற சத்தம் கேட்டது. அவள் பேனாவைத் திறந்தாள்.

"தாத்தா, நீங்க முன்னாடி என்ன?"

"பஸ் டிரைவர்."

"இப்போ?"

"இப்போ உட்கார்ந்திருக்கேன்."

அவள் அப்படியே எழுதி வைத்தாள். "நான் முன்பு பஸ் டிரைவர். இப்போது உட்கார்ந்திருக்கிறேன்." வட்டார அலுவலரின் முகத்தில் கடைசி நம்பிக்கையும் வடிந்துபோனது. அட்டை வைத்தாகிவிட்டது.

தலைவர் விருந்தினரை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னால் கேமராக்காரர்கள். தலைமையகத்து அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் படித்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். "இது புதுசா இருக்கே."

தலைவர் ஒரு நொடி திகைத்தார். ஒரு நொடிதான். அவர் முன்னால் எதை வைத்தாலும் அதைப் பற்றிப் பேசிவிடக்கூடியவர்.

"ஆமாம் அம்மா. வாரியம் பொருள்களோடு நின்றுவிடவில்லை," என்றார். "மனிதர்களிலும் தேய்ந்தவர்கள், கழிக்கப்பட்டவர்கள் உண்டு. வீட்டில் இவரால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. வெறும் பாரம். இங்கே பாருங்கள், எத்தனை பேர் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்!"

கூட்டத்தில் நின்ற வெல்டரின் கை முஷ்டியாகியது. மாமனார் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்: இருங்க.

"நாற்காலி இவருக்கு வசதியா இருக்கா? சக்கரம் நல்லா உருளுதா?" என்றார் அம்மாள்.

"உருண்டால் தேய்ந்துவிடும் அம்மா. அதனால்தான் சிமெண்ட் போட்டுப் பாதுகாத்திருக்கிறோம். மறுபயன்பாட்டின் மிகப் பெரிய எதிரி பயன்பாடுதான்."

அம்மாள் இதைக் குறித்துக்கொண்டார். பாராட்டியா, வேறெதற்காகவா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது மாமனார், பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரலில், "எனக்கு அவசரமா ஒண்ணுக்குப் போகணும்," என்றார்.

தலைவர் சிரித்தபடி அலுவலர்களைப் பார்த்தார். "யாராவது பெரியவரைக் கொஞ்சம்..."

அலுவலர்கள் எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வெல்டர் முன்னால் வந்தார், காவலாளி மறித்தார். "பார்வையாளர் கயிற்றைத் தாண்டக் கூடாதுங்க."

"தூக்குங்கய்யா!" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அட்டை வெச்ச பொருள் சார்," என்றார் வட்டார அலுவலர் தாழ்ந்த குரலில். "தொடும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான். நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

"அந்த விதியை நான் இப்போதே..."

"மாத்தறதுக்குக் கூட்டம் போடணும் சார்."

"விரிப்பு நல்ல விரிப்பா இருக்கு," என்றார் மாமனார், கீழே பார்த்தபடி. "பாழாயிடப் போவுது."

தலைமையகத்து அம்மாள் தலைவரைப் பார்த்தார். "விதி நீங்க போட்டதுதானே? கடைப்பிடிங்க."

தலைவர் கோட்டைக் கழற்றினார். கயிற்றைத் தாண்டினார். மாமனாரின் கைகளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார். மாமனார் ஓர் உதவியும் செய்யவில்லை. நல்ல காலையும் சேர்த்துத் தொங்கவிட்டார். தூக்கலும் இழுவையுமாகத் தலைவர் அவரைப் பூந்தொட்டிகளையும் எரியாத விளக்குகளையும் தாண்டிக் கொண்டுபோனார். இதுவும் செயல்முறை விளக்கத்தின் ஒரு பகுதி என்று நினைத்து மக்கள் வழிநெடுகக் கைதட்டினார்கள். கேமராக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கழிப்பறை நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. வெல்டர் வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க," என்று மாமனாரின் குரல் கேட்டது. "என் பொண்ணும் இப்படித்தான் வளைச்சா. இப்போ அவளால நிமிர முடியல. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியாம வேலை போச்சு. வலிக்குதா?"

"வலிக்குது," என்றார் தலைவர். மைக் இல்லாத குரல் அது.

"நல்லது. கெட்டியாப் பிடிங்க."

"பெரியவரே, நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுங்க. இன்னைக்கே. சிமெண்டை உடைக்கச் சொல்றேன்."

"யாரு உடைப்பா? அட்டை வெச்சதாச்சே. நீங்கதான் உடைக்கணும். மாப்பிள்ளை!"

"மாமா," என்றார் வெல்டர் கதவுக்கு வெளியிலிருந்து.

"சுத்தியல், உளி ரெண்டும் கொண்டாந்து குடுங்க இவருக்கு. அவசரமில்ல. கண்காட்சி எப்போ முடியுது தலைவரே?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ வெள்ளிக்கிழமை உடைச்சுக் குடுத்தா போதும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன். இவ்வளவு தூரம் வந்து ஜனங்க பாக்கறாங்க."

உள்ளே தலைவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் தலைவர் கடைசியில். "என்னால பிடிக்க முடியல."

"வயசாயிடுச்சுல்ல தம்பி, நேரமாகும்," என்றார் மாமனார். "நீங்க சும்மா நிக்கிறதுக்கு ஏதாவது பேசிட்டிருங்களேன்."